பின்னோக்கி நடந்தவள்

உங்கள் வீட்டுப் பீரோவில் மடித்து வைத்திருக்கும் பட்டுப்புடவையின் மயிலை வரைந்தது யார் என்று உங்களால் சொல்ல முடியுமா? கடையின் பெயர் சொல்வீர்கள். சரிகை அசலா கலப்பா என்று சொல்வீர்கள். யார் கல்யாணத்துக்கு எடுத்தது என்று ஒரு கதையே சொல்வீர்கள். மயிலை வரைந்த கையைப் பற்றி மட்டும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு கையின் கதை இது. கைக்குச் சொந்தக்காரியின் பெயர் எழிலரசி. ஆரணியை ஒட்டிய சேவூரில், நெசவாளர் தெருக்களெல்லாம் முடிந்து வயல் தொடங்குகிற இடத்துக்கு அப்பால் இருக்கிற காலனியில் பிறந்தவள். அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா ஆதிலட்சுமி ஊரார் வயல்களில் நாற்று நட்டு, களை எடுத்து, மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். தனக்கென்று ஒரு சாண் நிலம் இல்லாதவள், நாலு ஊர் நிலத்தின் சேற்றையும் காலில் சுமந்துகொண்டு வீடு திரும்புவாள்.

எழிலரசிக்குப் பதினொரு வயது நடந்த 1995இல், ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வீடியோ கேம் பெட்டிகள் வந்திறங்கின. ஒரு ரூபாய் போட்டால் ஓர் ஆட்டம். பையன்கள் உள்ளே முட்டி மோதுவார்கள். இவள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள்.

“பொட்டப் புள்ளைக்கு இன்னா வேல இங்க? தள்ளி நில்லு, காத்து வரட்டும்,” என்று கொட்டகைக்காரர் விரட்டுவார்.

தள்ளி நிற்பாள், போகமாட்டாள். பையன்கள் சுடுவதையும் சாவதையும் பார்த்தார்கள். இவள் பார்த்தது வேறு. திரையில் பறக்கிற அந்தக் கப்பல் உண்மையில் கப்பலே இல்லை, சின்னச் சின்னக் கட்டங்கள் என்று கண்டுபிடித்தாள். குறுக்கே பதினாறு, நெடுக்கே பதினாறு. அன்று சாயங்காலம் கணக்கு நோட்டில் அந்தக் கப்பலை அப்படியே கட்டம் கட்டமாக நிரப்பினாள். மறுநாள் கணக்கு வாத்தியாரிடம் உதை வாங்கினாள்.

அந்தக் கட்டங்கள்தான் பின்னால் அவளுக்குச் சோறு போட்டன. பட்டுத் தறியின் தலைமேல் ஜக்கார்டு என்றொரு பெட்டி உட்கார்ந்திருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் அதில் சங்கிலியாகச் சுற்றும். ஓட்டை இருக்கிற இடத்தில் நூல் எழும், இல்லாத இடத்தில் படுத்துக் கிடக்கும். மயிலோ மாங்காயோ யானையோ எதுவானாலும் முதலில் கட்டம் போட்ட தாளில் நிரம்பி, பிறகு அட்டையில் ஓட்டையாகி, அதற்குப் பிறகுதான் புடவைக்கு வந்து சேரும். அந்தத் தாளுக்கு ஊரில் கிராஃப் என்று பெயர். 2002இல் சிவப்பிரகாசத்தின் டிசைன் கடையில் கிராஃப் போடும் வேலைக்கு எழிலரசி சேர்ந்தாள். ஆறே மாதத்தில் அவள் மயிலைக் கேட்டு வந்தவாசியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

சிவப்பிரகாசம் தறிக்காரக் குடும்பம். கெட்ட வார்த்தை பேசமாட்டார், கூலியைப் பிடித்து வைக்கமாட்டார். “கைன்னா இது கை,” என்று வாடிக்கைக்காரர்களிடம் அவளைக் காட்டிச் சொல்வார். அதே கை டீ குடிப்பதற்கு மட்டும் ஜன்னல் மேடையில் தனியாக ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருந்தது.

அடுத்த வருடம் ஒரு சம்பவம். ஒரு மாங்காய் டிசைனின் வளைவுக்குள், உற்றுப் பார்த்தாலும் பிடிபடாதபடி ‘எ’ என்ற எழுத்தை ஒளித்து வைத்தாள் எழிலரசி. பத்தொன்பது வயதின் குறும்பு, அவ்வளவுதான். அட்டையெல்லாம் அடித்து முடித்த பிறகு சிவப்பிரகாசத்தின் கண்ணில் அது பட்டுவிட்டது.

“இன்னாம்மா இது?”

“சும்மா... என் பேருங்க மொதலாளி.”

“உன் பேரா?” அவர் சிரித்தார். கடையில் இருந்த எல்லாரும் சிரிக்கும்வரை சிரித்தார். “உன் பேரக் கட்டிக்கினு மணவறையில குந்துவாங்களா? எந்த ஊட்டுப் பேரு எந்த ஊட்டுப் பொடவைக்குள்ள போவுதுன்னு ஒரு வெவஸ்த வேணாம்?”

அட்டைகள் மொத்தமும் அடுப்புக்குப் போயின. அவளே புதிதாக அடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கடையின் எல்லா கிராஃப் தாள்களிலும் வலது கீழ் மூலையில் ‘சிவப்பிரகாசம் டிசைன்ஸ், ஆரணி’ என்று முத்திரை குத்தியே வந்தது. முத்திரை விட்டுப்போன தாளில் அவள் தன் கையாலேயே அதை எழுத வேண்டும். ஐந்து வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை எழுதினாளோ. கை அதைக் கற்றுக்கொண்டது. எது உன்னுடையதோ அதன் மூலையில் அடுத்தவன் பெயரை எழுது என்று ஒரு கையைப் பழக்கிவிட்டால், அப்புறம் திருடுவதற்குத் திருடன் பாடுபட வேண்டியதில்லை.

2005இல் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கடை இருந்தது சிவப்பிரகாசத்தின் வீட்டு மாடியில். கீழ்க்கட்டில் அவர் மகன் தனசேகரன் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் திறந்தான். எழிலரசியைவிட இரண்டு வயது சின்னவன். அப்பா இருக்கும்போது அவனைச் ‘சின்னவரே’ என்பாள், இல்லாதபோது ‘தனா’ என்பாள். காலி நேரத்தில் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரை விட்டுக்கொடுப்பான். கிளை நூலகத்திலிருந்து புரோகிராம் புத்தகங்களை எடுத்து வந்து, புரியாத ஆங்கிலச் சொல்லையெல்லாம் அகராதியில் தேடித் தேடி, மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டாள். பந்து எம்புவது, பாம்பு நெளிவது என்று சின்னச் சின்ன ஆட்டங்கள் செய்து பார்த்தாள்.

2008 ஆடி மாதம். கல்யாணம் இல்லை, ஆர்டர் இல்லை, கடை தூங்கி வழிந்தது. தனசேகரன் ஒரு செய்தியோடு மேலே ஏறி வந்தான்.

“எழிலு, நெட்டுல ஒரு போட்டி. நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஒரு கேம் செஞ்சி முடிக்கணும். ஒலகம் பூரா ஒரே நேரத்துல செய்றாங்க. கூட்டு கெடையாது, ஒரு ஆளு ஒரு கேம்.”

“நீ செய்யறியா?”

“ரெண்டு வாட்டி ஆரம்பிச்சேன், ரெண்டு வாட்டியும் முடிக்கல. எனக்குப் பொறும கெடையாது. நீ செய்யி. மிஷினு நான் தரேன்.”

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தலைப்பு வந்தது. ஒரே சொல்: பின்னோக்கி. என்ன தலைப்பானாலும் அதற்குள் நிற்கிற விளையாட்டைத் திங்கட்கிழமை காலை எட்டுக்குள் அனுப்ப வேண்டும். தனசேகரன் தலையைச் சொறிந்தான். காலத்தைப் பின்னால் ஓட்டலாமா, காரை ரிவர்ஸில் விடலாமா என்றான். எழிலரசி அவன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து பின்னோக்கி நடக்கிற ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்.

நாற்று நடுகிறவள் முன்னால் நடக்கமாட்டாள். நட்டதை மிதிக்கக்கூடாதே. குனிந்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்துக்கொண்டே போவாள். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நண்டு வளையோ, முள்ளோ, தண்ணீர்ப் பாம்போ, காலில் பட்டால்தான் உண்டு.

அதுதான் ஆட்டம். பெயர் ‘நடவு’. பழைய கொட்டகைப் பெட்டியில் ஓடுமே, அதே மாதிரி ஒற்றைத் திரை, பதினாறு நிறம், மூன்று உயிர். பெண் பின்னாலோ பக்கவாட்டிலோதான் நகர்வாள். முன்னால் போகிற பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பின்னால் இருக்கிற ஆபத்து திரையில் தெரியாது. சேற்றில் எழும்பும் சின்ன அலையை வைத்து விளையாடுகிறவர் ஊகிக்க வேண்டும்.

தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் கட். அந்த நேரத்தில் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கடையின் கிராஃப் தாளில் பொம்மைகளை நிரப்பினாள். எல்லாம் பாதிப் பொம்மை. பாதி மயில் வரைந்தால் மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுக்கொள்ளும் என்பது கிராஃப் போடுகிறவர்களின் பழக்கம். அவளும் பாதிப் பெண், பாதி நண்டு, பாதி நாற்று என்று வரைந்து, மறுபாதியைப் போடும் வேலையைப் புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கம்ப்யூட்டரில் ஒரு போட்டோ பிடிக்கிற இடத்துக்குள் விளையாட்டு முழுவதும் அடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆதிலட்சுமி சோற்றுத் தூக்கோடு வந்தாள். அந்த வீட்டுப் படியை அவள் ஏறியதில்லை. ஏறாதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும்படி ஊர் வைத்திருக்கிறது. தெருவில் நின்றே கூப்பிட்டாள். எழிலரசி திரையை வாசல் பக்கம் திருப்பினாள்.

“யார்றி அது?”

“நீதாம்மா.”

“நானா? மூஞ்சியக் காணமே.”

“நடும்போது உன் மூஞ்சிய எவன் பாத்தான்? முதுகத்தான பாத்தானுங்க.”

ஆதிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தாள்.

“இவ நிமிந்துகினு இருக்கிறாடி. இப்டி நின்னா மேஸ்திரி சும்மா உடுவானா? இன்னும் கொஞ்சம் குனிய வையி.”

எழிலரசி முதுகிலிருந்து இரண்டு கட்டத்தை எடுத்து இடுப்புப் பக்கம் வைத்தாள். பொம்மை சரியாகக் குனிந்தது.

“ஆங், இப்பத்தான் நானு,” என்றாள் ஆதிலட்சுமி. தூக்கை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

கொட்டகைப் பெட்டிகளில் அதிக மதிப்பெண் எடுத்தவர் மூன்று ஆங்கில எழுத்தில் பெயர் பதிக்கலாம். எழிலரசி தன் ஆட்டத்திலும் அப்படி ஒரு பட்டியல் வைத்தாள். காலிப் பட்டியல் நன்றாக இல்லை என்று முதல் இடத்தில் ஏ, டி, ஐ என்று மூன்று எழுத்தைப் போட்டாள். ஆதி. பக்கத்தில் 9990.

திங்கட்கிழமை காலை எட்டுக்குப் பத்து நிமிடம். நெட் தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்தது. “ஜல்தி, ஜல்தி,” என்று தனசேகரன் பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். ஆட்டம் ஏறியது. கடைசியாக ஒரு படிவம் வந்தது. ஆட்டத்தின் பெயர், மின்னஞ்சல், ஆக்கியவர் பெயர். அவளுக்கென்று மின்னஞ்சல் இல்லை, கடையுடையதைக் கொடுத்தாள். ஆக்கியவர் பெயர்க் கட்டம் திரையின் வலது கீழ் மூலையில் இருந்தது. ஐந்து வருடப் பழக்கம் விரலுக்கு வந்தது. ‘சிவப்பிரகாசம் டிசைன்ஸ், ஆரணி’ என்று அடித்தாள். அனுப்பினாள். மணி எட்டு.

அடித்தது என்ன என்று அப்போது அவளும் யோசிக்கவில்லை, தனசேகரனும் யோசிக்கவில்லை. இருவரும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. புதுமைக்கான முதல் இடம் ‘நடவு’க்கு. முன்னால் போகவே முடியாத ஓர் ஆட்டத்தை இதற்கு முன் விளையாடியதில்லை என்று எங்கெங்கிருந்தோ எழுதியிருந்தார்கள். பாதிப் பொம்மை உத்தியை ஒருவர் பாராட்டியிருந்தார். அவள் ஒவ்வொன்றையும் அகராதி வைத்துப் படித்தாள்.

செப்டம்பரில் பெங்களூரிலிருந்து ஒரு விளையாட்டுக் கம்பெனி எழுதிய கடிதம் கடை மின்னஞ்சலுக்கு வந்தது. ‘நடவு’ செய்தவரை நேரில் பார்க்க வேண்டும், வேலை தரத் தயாராக இருக்கிறோம், ஆட்டத்தைக் கைபேசியில் கொண்டுவரவும் விரும்புகிறோம். தனசேகரன் அச்சடித்த தாளைக் கையில் ஆட்டிக்கொண்டு படியேறி ஓடி வந்தான். “எழிலு! வேல! உனக்கு வேல!” என்று கத்தினான். அந்த ஒரு நிமிடம் அவன் கத்தியது உண்மை. அதை இல்லை என்று சொல்ல முடியாது.

சிவப்பிரகாசம் தாளை வாங்கி மகனிடமே கேட்டார்.

“யார் பேருக்கு வந்திருக்குது?”

“நம்ம கடப் பேருக்குப்பா.”

“அப்ப நமக்குத்தான வந்திருக்குது?”

“மொதலாளி, செஞ்சது நானுங்க,” என்றாள் எழிலரசி.

“யாரு இல்லன்னது? இந்தக் கடையில இருக்குற மயிலு பூரா நீ செஞ்சதுதான். அதுக்குன்னு மயிலுக்கு வர்ற ஆர்டரு உன் ஊட்டுக்கா போவுது?”

“இது பொடவ இல்லீங்க. ஒரு ஆளு ஒரு கேம்னு ரூல்ஸுங்க. சின்னவருக்குத் தெரியும். கேளுங்க.”

இருவரும் தனசேகரனைப் பார்த்தார்கள். அவன் மேசை மேல் இருந்த கிராஃப் தாள்களை எடுத்து ஓரம் பார்த்துத் தட்டித் தட்டி அடுக்கினான். அடுக்கியதையே மறுபடி அடுக்கினான்.

“நீதான எழிலு பேரு போட்ட,” என்றான். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

“தனா.” அவன் அப்பா முன்னால் அவள் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எல்லாம் அவங்கவங்க தலையெழுத்துமா,” என்றார் சிவப்பிரகாசம். “போயி வேலயப் பாரு. தீவாளிக்கி நல்லதா செஞ்சிடலாம்.”

தலையில் எந்த எழுத்தும் இல்லை. எழுத்து படிவத்தில் இருந்தது. மனிதர்கள் எழுத வைத்த எழுத்து, மனிதர்கள் நினைத்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கக்கூடிய எழுத்து.

பெயரை மாற்றித் தரச் சொல்லிப் போட்டி நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதினாள். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து கேட்டால் உடனே மாற்றித் தருகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கடை மின்னஞ்சலின் கடவுச்சொல் அதற்குள் மாறியிருந்தது. தனசேகரன் அந்த மாதக் கடைசியில் அந்த வேலைக்குப் பெங்களூர் போனான். போகும்போது, “நான் செட்டிலானதும் உன்னக் கூப்டுக்கிறேன்,” என்றான்.

அக்டோபரில், வேலூர் போய்ப் பஸ் மாறி, அவளும் பெங்களூருக்குப் போனாள். தனியாக. பையில் பதினோரு கிராஃப் தாள்கள். பாதிப் பெண், பாதி நண்டு, பாதி நாற்று, குனியாத முதுகு, குனிந்த முதுகு. நான்கு மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு மேலாளர் உள்ளே கூப்பிட்டார். தமிழ் தெரிந்தவர், நல்ல மாதிரி. தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். வியந்து போனார். பிறகு அவர் கண் வலது கீழ் மூலைக்குப் போனது. பதினோரு தாளிலும் ஒரே முத்திரை.

“இது அந்தக் கடை டிசைன்தானே?”

“ஆமாங்க. நான்தான்...”

“நீங்க அங்க வேலை பாக்குறீங்களா?”

“ஆமாங்க.”

“தனசேகரனே சொன்னாரே, வரைஞ்சு குடுக்க ஒரு பொண்ணு இருக்குன்னு. நீங்கதானா அது? ரொம்ப நல்லா வரையறீங்க.”

அவளிடம் இருந்த ஒரே சாட்சி அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. ஐந்து வருடம் அவளே கைப்பட எழுதிப் பழகிய சாட்சி. தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மேலாளர் டீ வரவழைத்தார். எல்லாருக்கும் வந்தது போலவே ஒரு கோப்பையில்தான் அவளுக்கும் வந்தது. அதைப் பார்த்ததும்தான், ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை வந்தது. மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை.

திரும்பி வந்தவள் கடைக்குப் போகவில்லை. தை மாதத்தில் செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். ஷூவின் மேல்தோலை ஒட்டுகிற வேலை. ஒட்டியவள் பெயர் அதிலும் இருக்காது.

அம்மாவிடம் அவள் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. “அந்த நடவு பொம்ம இன்னாடி ஆச்சி?” என்று ஆதிலட்சுமி ஒரு தரம் கேட்டாள். “இருக்குதும்மா,” என்றாள். அந்தச் சித்திரையில் ஆதிலட்சுமி காய்ச்சலில் படுத்து, ஒன்பதாம் நாள் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் இறந்து போனாள். கட்டில் காலி இல்லை என்று வராந்தாவில் போட்டிருந்தார்கள். அடக்கம் பண்ணும்போதும் அவள் முதுகு முழுதாக நிமிரவில்லை.

2009 டிசம்பரில் ஒரு நாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் சுகன்யா என்கிற புதுப்பெண் கைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டு வந்தாள். டொக், டொக் என்று நாற்று ஊன்றுகிற சத்தம். எழிலரசிக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் செய்தது.

“செம கேமுக்கா,” என்றாள் சுகன்யா. “பேஜாரான கேமு. முன்னாடியே போவ முடியாது.”

“எவ்ளோ எடுத்திருக்கிற?”

“ஆறாயிரத்து சொச்சம். மேல ஒருத்தி இருக்கிறாக்கா, ஏ டி ஐ-ன்னு. ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. எவ்ளோ ஆடுனாலும் அவளத் தாண்ட முடியல. யாரோ தெரியல.”

எழிலரசி கைபேசியை வாங்கிப் பார்த்தாள். ஆட்டத்தின் முகப்பில் கம்பெனியின் பெயர். அதன் கீழே, ஆக்கம்: தனசேகரன். உள்ளே எல்லாவற்றையும் அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். மூன்று எழுத்து என்ன என்று யாருக்கும் தெரியாததால் யாரும் அதை அழிக்கவும் இல்லை. திரையில் அம்மா குனிந்து நின்றாள்.

“எங்கம்மா,” என்றாள் எழிலரசி.

“யாரு?”

“ஏ டி ஐ. எங்கம்மா.”

சுகன்யா அவள் தோளில் தட்டிச் சிரித்தாள். “நல்லா காமெடி பண்றக்கா நீ,” என்று கைபேசியை வாங்கிக்கொண்டாள். பஸ் போய்க்கொண்டிருந்தது. வெளியே சம்பா வயல்கள் ஓடின. டொக், டொக் என்று அம்மா நட்டுக்கொண்டே பின்னால் போனாள். நண்டு கடித்தது. மூன்றில் ஓர் உயிர் போனது.

இதைப் படித்துவிட்டு ஐயோ பாவம் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எழிலரசி ஒன்றும் செய்ய முடியாது. நாளைக்கு நீங்கள் வேலை செய்கிற இடத்துக்குப் போனதும், உங்கள் பெயரிலோ உங்கள் நிறுவனத்தின் பெயரிலோ வெளியே போகிற ஒரு தாளை எடுங்கள். அதை உண்மையில் செய்தவர் யார் என்று விசாரியுங்கள். அவரைக் கூப்பிட்டு உங்கள் மேசையில், உங்கள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். பேனாவை அவர் கையில் கொடுத்து, வலது கீழ் மூலையைக் காட்டி, அவர் பெயரை அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.